விரல் நுனியில் 53 மணி

என் தோழியின் அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அவளோட விசுவாசம்தான் அவளைத் தாங்கிச்சு." நானும் தலையாட்டினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் 'தாங்கிச்சு' என்ற சொல் உறுத்திக்கொண்டே வந்தது. தூண் கூரையைத் தாங்குகிற மாதிரியா? அப்படியென்றால் அந்த இரவுகளில் அவள் அப்படி அழுததற்கு என்ன பேர்?

அவளுடைய நோயின் 14 மாதங்களும் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், கடைசி ஐந்து மாதம் பெரும்பாலான இரவுகள். நான் கத்தோலிக்கப் பெண் கிடையாது. கடவுளைப் பற்றி எனக்கு உறுதியான பதில் எதுவும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவளுடைய விசுவாசம் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். 'தைரியமா போனா' என்ற இரண்டு சொல்லுக்குள் அவளை மடித்து வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பழக ஆரம்பித்து 22 வருடம். முதல் வேலையில் பக்கத்துப் பக்கத்து மேசை. வேலைக்கு வருவதற்கு முன்னால் காலைப் பூசைக்குப் போய்விட்டு வருவாள் என்பது தெரியும். அதைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. காதல், கடன், அம்மாவோடு சண்டை என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்த நாங்கள், அந்த ஒன்றைத் தொடாமலே இருபது வருடத்தைக் கடந்திருந்தோம்.

சினைப்பைப் புற்றுநோய். வயிறு உப்புகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று நான்கு மாதம் வாயுத் தொல்லைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான், தன் பேரைச் சொல்லாமலே உள்ளே பரவிவிடுகிறது. கண்டுபிடித்தபோது வயிற்றுச் சவ்வெங்கும் இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் ஒரு செபமும் சொல்லவில்லை. விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்று வாரத்தை விட்டுவிடுகிறார்கள். கட்டில் தலைமாட்டில் எப்போதும் தொங்கும் செபமாலை அங்கே இல்லை. மேசை இழுப்பறையில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் மதக் கேள்வி அதுதான்.

"பரலோக மந்திரத்துல 'உமது திருவுளம் நிறைவேறுக'ன்னு ஒரு வரி வரும். அந்த வரி வந்தாலே பல்லைக் கடிக்கிறேன். எப்படிச் சொல்றது? பொய்யா சொல்லவா?"

அவள் இதை அப்படியே தன் பங்குச் சாமியாரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் வயதானவர், குரலே எழும்பாது. திட்டுவார், இல்லையென்றால் எவ்வளவு துன்பம் வந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த வரியை நீ சொல்லாதம்மா. அதை உனக்காக நாங்க சொல்லிக்கிறோம். நீ மத்ததைச் சொல்லு."

அன்றிரவே இழுப்பறையிலிருந்து செபமாலையை எடுத்துவிட்டாள். அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொண்டு, அது கடந்து போகும்வரை காத்திருந்து, 'எங்கள் அனுதின உணவை' என்று தொடருவாள். எத்தனை வாரம் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. எப்போது அந்த வரி திரும்பி வந்தது என்பதையும் அவள் சொல்லவில்லை.

நாலைந்து வயதிலிருந்து சொல்லி வந்த ஒரு செபத்தில் ஒரு வரியை இன்னொருவர் தோளில் இறக்கி வைக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நம்பிக்கை என்பது ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இருக்கும் ஒரு சரக்கு, ஒருவரிடம் நிறைய, இன்னொருவரிடம் குறைச்சல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுக்கு அது வேறு மாதிரி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் செபமாலை தேவைப்பட்டது.

*

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு சுற்று கீமோ. பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்து. அதில் பாக்லிடாக்செல் நரம்பின் நுனிகளைப் பிடிக்கும். நான்காவது சுற்று முடிவதற்குள் அவளுடைய விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கைப்பேசித் திரை அவள் தொடுவதை அறியும், அவளுக்குத்தான் திரையைத் தொட்டது தெரியாது. முடி கொட்டியதற்கு அழாதவள் இதற்கு அழுதாள். மணி தெரியவில்லை என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை.

செபமாலை இருட்டில் சொல்வதற்காகவே செய்யப்பட்ட பொருள் மாதிரி. கண் வேண்டாம், புத்தகம் வேண்டாம். ஒரு மணி, ஒரு செபம், விரல் அடுத்த மணிக்கு நகரும். பத்து மணி முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி, தனியாக ஒரு மணி. அப்படி ஐந்து பத்துகள், தொடக்கத்தில் இருக்கும் மூன்றையும் சேர்த்தால் 53. அதனால்தான் '53 மணிச் செபமாலை' என்கிறார்கள். அந்தக் கணக்கை விரல்தான் பார்த்துக்கொள்ளும், மனசு வேறு எங்கேயோ இருக்கும், அதுதான் அதன் வழி என்று அவள் விளக்கினாள். இப்போது விரலுக்கு மணியும் தெரியவில்லை, இடைவெளியும் தெரியவில்லை. எண்ணிக்கொண்டே சொன்னால் எண்ணிக்கைதான் மிஞ்சுகிறது, செபம் போய்விடுகிறது.

"நான் எண்றேன்," என்றேன். "நீ சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாலை என் கையில். ஒவ்வொரு மணிக்கும் அவள் மணிக்கட்டில் என் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பத்து முடிந்ததும் இரண்டு அழுத்து. மணிக்கட்டில் உணர்வு நன்றாகவே இருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அந்தச் செபத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒருவர் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தொடங்கி முன்பாதியைச் சொல்வார், மற்றவர் 'புனித மரியே, இறைவனின் தாயே' என்று பின்பாதியை எடுப்பார். தனியாகச் சொல்லும்போது அவளே இரண்டையும் சொல்லிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குப் பின்பாதி மனப்பாடமாகிவிட்டது. ஒரு நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது, பாதியில் நின்றாள். என்னையறியாமல் நான் சொல்லி முடித்தேன்: "...பாவிகளாகிய எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த முன்பாதியைத் தொடங்கினாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அந்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இப்பொழுது ஒன்று, இறப்பின் வேளை ஒன்று. ஒரு மனுஷிக்கு உதவி தேவைப்படும் நேரமாக அந்தச் செபம் கணக்கில் எடுப்பது இந்த இரண்டையும்தான். சின்ன வயசிலிருந்து நாளுக்கு 53 தடவை அவள் தன் சாவின் வேளையை வாய்விட்டுச் சொல்லி வந்திருக்கிறாள். நான் அந்த வார்த்தையை வீட்டில் எடுத்தாலே 'நல்ல வார்த்தை பேசு' என்பார்கள். மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசிய அன்றைக்கு எனக்குக் காது அடைத்தது, அவள் மட்டும் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பயமில்லாமல் இல்லை, கை நடுங்கியது. ஆனால் பேசப்படும் பொருள் அவளுக்கு அந்நியமாக இல்லை. அந்தச் சொல்லோடு அவளுக்கு நாற்பது வருடப் பழக்கம் இருந்தது.

*

மருந்து முடிந்து மூன்று மாதம் நன்றாக இருந்தாள். பிறகு வயிற்றில் நீர் கோத்தது. ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால் அந்த வகை மருந்துக்கு அது இனி சரியாக அடங்காது என்று அர்த்தம். வேறொரு மருந்தை இரண்டு சுற்று பார்த்தார்கள். பிறகு அவளே போதும் என்றுவிட்டாள்.

நான் சண்டை போட்டேன். "உங்க மதத்துல உயிரை விடறது பாவம்னு சொல்வீங்களே, இது மட்டும் என்ன?" என்றுகூடக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2278ஆம் எண்ணைப் படிக்கச் சொன்னாள். சுமை மட்டுமே மிஞ்சுகிற சிகிச்சையை நிறுத்தலாம், அது சாவை விரும்புவது ஆகாது, அதைத் தடுக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்வதுதான் என்று இருந்தது. "நான் சாகணும்னு சொல்லல. இந்த ஊசியோட சாக வேண்டாம்னு சொல்றேன்," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். யார், எந்தக் கூட்டம் என்பதெல்லாம் வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் கை வைத்து வெகுநேரம் செபித்தார்கள். கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "கடுகளவு விசுவாசம் போதும் சகோதரி. குணமாகலைன்னா, உள்ள எங்கயோ சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். அதைத் தேடிப் பாருங்க."

கதவு சாத்தியதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நோயே வலி. அந்த நோய்க்கு நீதான் பொறுப்பு என்று சொல்வது அதன்மேல் இன்னொரு நோய். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே பேசினாள். "கெத்சமனித் தோட்டத்துல இயேசு என்ன கேட்டார் தெரியுமா? முடிஞ்சா இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துடும்னு கேட்டார். எடுக்கல. மறுநாள் சிலுவை. அவருக்குக் கடுகளவு விசுவாசம் இல்லாமப் போச்சா?"

பிறகு மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னாள். முடக்குவாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, மேலிருந்து அவனைக் கட்டிலோடு இறக்குகிறார்கள். "அடுத்த வரியை மெதுவாப் படி," என்றாள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு அவனிடம் பேசினார் என்று இருந்தது. "யாரோட நம்பிக்கையை? படுத்திருந்தவனுக்கு நம்பிக்கை இருந்துச்சா இல்லையான்னு மாற்கு எழுதவே இல்ல. தூக்கிட்டு வந்தவங்களைப் பார்த்தார், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நாலு பேர்ல எல்லாருக்கும் நம்பிக்கை இருந்திருக்கும்னும் நான் நினைக்கல. ஒருத்தன் சும்மா கூட வந்திருப்பான், ஒரு மூலையைப் பிடிக்க ஆள் வேணும்ல," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்னக் குப்பித் தண்ணீர் அவளிடம் இருந்தது. இரவில் நெற்றியில் ஒரு துளி தடவச் சொல்வாள். அதிசயம் நடக்கும் என்று நம்புகிறாயா என்று கேட்டதற்கு பெர்னதெத்தைப் பற்றிச் சொன்னாள். 1858இல் அந்தக் குகையில் மாதாவைக் கண்ட பெண். அங்கே குணமானதாகச் சொல்லப்பட்டவர்கள் 7,000க்கும் மேல், திருச்சபை ஆராய்ந்து அதிசயம் என்று ஏற்றுக்கொண்டவை 70ஐச் சற்றே தாண்டும். ஆனால் பெர்னதெத் எலும்பில் காசநோய் பிடித்து 35 வயதில் செத்துப்போனாள். இந்த உலகத்தில் உன்னைச் சந்தோஷமாக வைப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை, மறு உலகத்தில்தான் என்று மாதா அவளிடமே சொல்லியிருந்தார்களாம். "அந்த ஊத்தைத் தோண்டினவளுக்கே அது குணம் தரல. ஆனாலும் அது நல்ல தண்ணிதான். தடவு," என்றாள்.

*

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மணி மூன்று இருக்கும். அவள் விழித்திருப்பது மூச்சிலிருந்து தெரிந்தது. விளக்குப் போடட்டுமா என்றேன்.

"அங்க யாருமே இல்லடி," என்றாள்.

கனவு கண்டு சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, தெளிவாகத்தான் சொன்னாள். "இத்தனை வருஷம் பேசிட்டிருந்தேன். எப்பவும் மறுபக்கம் ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். பதில் வராது, ஆனா ஆள் இருக்கும். இப்ப இல்ல. காலி வீட்டுல கூப்பிட்ட மாதிரி இருக்கு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. "இருக்கார், இருக்கார், அப்படிச் சொல்லாத," என்றேன்.

"நீ நம்பாததை எனக்காகச் சொல்லாத," என்றாள். கோபமில்லை. பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விடியும்வரை அப்படியே இருந்தோம். அவளுடைய விசுவாசம் அவளைத் தாங்கிய இரவு அல்ல அது. நான் கூட இருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காலையில் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் திருவிருந்து அப்பம், கொண்டுவந்த சாமியாரிடம் அதையே திரும்பச் சொன்னாள். நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் செபப் புத்தகத்தைத் திறந்து 88ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு நன்றி, ஒரு நம்பிக்கை என்று திரும்பிவிடும். இது திரும்பாது. இரவும் பகலும் கதறுவதில் தொடங்கி இருள் என்ற சொல்லிலேயே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வாரந்தோறும் இதைத்தான் உலகெங்கும் குருக்களும் கன்னியரும் சொல்கிறார்கள் என்றார். "நேத்து ராத்திரி நீ சொன்னதைத்தாம்மா நானும் சொல்லிட்டுப் படுத்தேன்."

அவள் முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. 'யாருமே இல்லை' என்ற அவளுடைய சொல்லுக்கும் அந்த வீட்டில் ஒரு இடம் இருந்தது. அதைச் சொன்னதற்காக அவளை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

புனித குழந்தை இயேசுவின் தெரேசாவை அவள் மறுபடி எடுத்துப் படிக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். ரோஜாப் பூக்களோடு படத்தில் சிரிக்கும் அந்தத் தெரேசா 24 வயதில், 1897இல், காசநோயில் இறந்தவர். கடைசி ஒன்றரை வருடம் மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டு அவரைச் சூழ்ந்திருந்தது. 1896 உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) காலத்தில் ஆரம்பித்து, சாகும்வரை அது விலகவில்லை. நூறு வருடம் கழித்து 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தின் ஆசிரியர்கள், வரிசையில் சேர்த்தது. "சின்ன வயசுல பூவுக்காகப் பிடிக்கும். இப்ப இருட்டுக்காகப் பிடிக்குது," என்றாள்.

அந்த 'ஆள்' திரும்ப வந்தாரா? ஒரே ஒரு முறை கேட்டேன். "சில நாள்," என்றாள்.

*

மார்ஃபின் என்ற வலி மருந்து விஷயத்தில் எங்களுக்குள் நடந்தது நீண்ட போராட்டம். அவளுக்கு அதன்மேல் பயம். வலி போகும், கூடவே புத்தியும் போய்விடும், செபம் சொல்ல முடியாது, நன்மை வாங்கும்போது தெளிவாக இருக்க மாட்டேன் என்று மறுத்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர் ஒருவர் வேறு, வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு, மருந்தால் அதை வீணாக்காதே என்று சொல்லிவைத்திருந்தார்.

மறுபடி சாமியார்தான். 1957லேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களிடம் பேசும்போது வலி நிவாரணிக்குத் தடையில்லை, அதனால் ஆயுள் கொஞ்சம் குறைந்தாலும் வலியைப் போக்குவதுதான் நோக்கம் என்றால் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று விளக்கினார். வலி மருத்துவர் அவள் கவலையைப் பொறுமையாகக் கேட்டு, நாலு மணிக்கொருதரம் குறைந்த அளவில் ஆரம்பித்தார். முதல் இரண்டு நாள் தூங்கி வழிந்தாள். மூன்றாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து, பல மாதத்துக்குப் பிறகு 53 மணியையும் முழுதாகச் சொன்னாள். முடித்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வலி இருந்தப்ப நான் வலியை மட்டும்தான் கும்பிட்டுட்டிருந்தேன்."

'ஒப்புக்கொடுத்தல்' எனக்குக் கடைசிவரை முழுதாகச் செரிக்கவில்லை. வேதனையை மகிமையாக்கும் வேலை என்றே பட்டது. அவளிடம் சொல்லவும் செய்தேன். "நற்செய்தியில எந்த நோயாளிகிட்டயாவது இயேசு 'பொறுத்துக்கோ, வலி நல்லது'ன்னு சொல்லியிருக்காரா? குணமாக்கிட்டுத்தான் போனார். வலி நல்லதில்ல. மருந்து போக மிச்சம் ஒண்ணு இருக்குல, அதை என்ன செய்யறது? அதை யாருக்காவது கொடுக்கிறேன்," என்றாள். பைபிளில் பவுல் கொலோசையருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது என்றாள். 1984இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தைப் பற்றி எழுதிய மடலையும் காட்டினாள். எழுதியவர் அதற்கு மூன்று வருடம் முன்பு வயிற்றில் குண்டடி பட்டு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை நான் மறந்துவிடக் கூடாதென்று அழுத்திச் சொன்னாள்.

தினமும் ஒரு பெயர் வைத்திருந்தாள். இன்றைய மிச்சம் இன்னாருக்கு. தேர்வெழுதும் பக்கத்து வீட்டுப் பெண், குடியை விட முயலும் அத்தை மகன், வார்டில் எதிர்க்கட்டிலில் இருந்த பேர் தெரியாத பாட்டி. எதுவும் செய்ய முடியாமல் படுத்திருந்தவளுக்கு, காலையில் விழித்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த மனிதர்களுக்கு அதனால் ஏதாவது ஆனதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு ஆனதைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தபடி அவள் யாருக்கோ தேவைப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எந்த நாள் என்று கேட்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

இடையில் ஒரு நாள் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது. கதவு முக்கால் மணி நேரம் மூடியிருந்தது. சாமியார் போனதும் கைப்பேசியை எடுத்துத் தரச் சொல்லி, ஒன்பது வருடமாகப் பேசாமலிருந்த அக்காவின் எண்ணை அழுத்தச் சொன்னாள். அக்கா மறுநாளே வந்துவிட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த பிரச்சினை என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வந்த அன்றிலிருந்து கடைசிவரை அக்கா திரும்பிப் போகவில்லை.

*

நோயாளிக்குச் சாமியார் செபித்துப் பூசும் எண்ணெய் பூசுதலை அவள் மூன்று தடவை பெற்றாள். அவளுடைய பாட்டி காலத்தில் இதற்கு 'அவஸ்தை பூசுதல்' என்று பேராம். சாமியார் எண்ணெயோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஆள் முடிந்தது என்று அழ ஆரம்பித்துவிடுவார்களாம். திருச்சபையின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் முறையைத் திருத்தினார். 'நோயில் பூசுதல்' ஆனது. சாகும் தறுவாய்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒன்று, நோய் திரும்பியபோது ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும். மரத்துப்போன விரல்களை விரித்து நீட்டுவாள். மூன்றாம் முறை விரிக்க முடியவில்லை, அக்கா விரித்துப் பிடித்தார்.

கடைசிப் பத்து நாள் குடல் அடைத்துவிட்டது. எதுவும் விழுங்க முடியாது. நன்மையும் முடியாது என்று நினைத்து நான் வருத்தப்பட்டேன், அவளைவிட அதிகமாகவே. சாமியார் மறுநாள் பூசையிலிருந்து திராட்சை இரசத்தை மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் கொண்டுவந்தார். அப்பம் விழுங்க முடியாதவருக்கு இரச வடிவில் மட்டும் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. கரண்டி நுனியில் இரண்டு துளி, நாக்கின்மேல். அதே சட்டத்தில் நோயாளிகளுக்கு நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேர ஒருசந்தி (உண்ணா நோன்பு) கட்டாயமில்லை என்று இருக்கிறது, அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் கட்டாயமில்லை என்று சேர்த்து எழுதியிருக்கிறது. இதை அக்கா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்கக் கண்விழித்தவள் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாளே என்று எங்கோ சட்டம் எழுதிய யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

சாகிறவர்களுக்குக் கொடுக்கும் கடைசி நன்மைக்கு 'வழியுணவு' என்று பெயர். முன்பு ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டபோது, "கட்டுச்சோறுன்னு வெச்சுக்கோ," என்றிருந்தாள்.

அவள் போனது ஒரு வியாழக்கிழமை, விடிவதற்கு முன்னால். முந்தைய நாள் மாலையிலிருந்தே கண் திறக்கவில்லை. மூச்சு ஒரு இழுப்பு, பிறகு நீண்ட நிறுத்தம். காது கடைசிவரை கேட்கும் என்று செவிலியர் சொல்லியிருந்ததால் நாங்கள் செபமாலையை ஆரம்பித்தோம். அக்கா முன்பாதி, நான் பின்பாதி. கட்டைவிரல் அவள் மணிக்கட்டில்.

ஒவ்வொரு பத்துக்கும் நினைத்துக்கொள்ள இயேசு, மாதா வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி உண்டு, அதற்கு மறையுண்மை என்று பேர். வியாழக்கிழமைக்கு ஒளியின் மறையுண்மைகள். 2002இல்தான் இரண்டாம் யோவான் பவுல் அந்த ஐந்தையும் சேர்த்தார். அதற்கு முன்னால் மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று பதினைந்துதான். பதினைந்தோடு வளர்ந்தவள் அவள், புதிய ஐந்தின் வரிசை அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வியாழக்கிழமைகளில் எப்போதும் தடுமாறி, புத்தகத்தை எடு என்பாள். அன்றைக்கு அக்காவுக்கும் வரவில்லை. யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்த் திருமணம், அதற்கப்புறம் அக்கா நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும். உருமாற்றமா, இறையாட்சியை அறிவித்ததா? புத்தகம் அடுத்த அறையில் இருந்தது. எழுந்து போக இருவருக்கும் மனமில்லை. அக்கா ஏதோ ஒன்றைச் சொல்லித் தொடர்ந்தார்.

அந்தப் பத்தில் ஆறாவதோ ஏழாவதோ மணியில் அடுத்த மூச்சு வரவில்லை. நான் காத்திருந்தேன். அக்காவும் கவனித்துவிட்டார், அவர் குரல் ஒரு கணம் உடைந்தது. ஆனால் முன்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார், அது முடிந்ததும் நான் பின்பாதியை எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். "இப்பொழுதும்" என்று சொல்லும்போது கட்டைவிரல் தானாக அழுத்தியது. பாதியில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மிச்சமிருந்த மணிகளைச் சொன்னோம், நான்காவதைச் சொன்னோம், ஐந்தாவதைச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் அக்கா எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.